விமானி ஆக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டும் முன்பும், காக்பிட்டில் உட்கார்ந்த பின்பும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் விமானியான எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடு வரும். “நாட்டில் பைலட்டுக்குப் பெரிய தட்டுப்பாடாமே, பையனைச் சேர்த்துவிடலாமா?” இப்போது பெண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள், சந்தோஷம். உலக அளவில் விமானிகளில் பெண்கள் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். இந்தியாவில் சுமார் 15 சதவீதம்.

தட்டுப்பாடு உண்மைதான். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 கேட்டது. அடுத்த 15, 20 ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று 2025இல் மத்திய அமைச்சரே சொன்னார். அப்போது வேலையில் இருப்பவர்கள் ஆறேழாயிரம் பேர் என்றும் அவர் சொன்னார். இதைப் படித்ததும் வேலை வீட்டு வாசலில் நிற்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் தட்டுப்பாடு யாருக்கு என்று கேட்க வேண்டும். நிறுவனங்கள் வலைவீசித் தேடுவது கேப்டன்களை. கையில் புது லைசென்ஸோடு நிற்பவர்கள் இன்னொரு வரிசை, அது நீளமான வரிசை. 2023இல் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அத்தனை பேருக்கும் அடுத்த மாதமே சீருடை கிடைத்துவிடவில்லை. ஓராண்டு, ஈராண்டு காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கேப்டன் நாற்காலிக்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரப் பறத்தல் கட்டாயம். நீங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து 200 மணியோடு வெளியே வருவீர்கள். ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் யாரும் பறக்கக் கூடாது. நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். நிறுவனங்கள் 1,500-ஐத் தாண்டியும் அனுபவம் கேட்கும். அதனால் இன்றைய கேப்டன் பஞ்சத்தை இன்று பள்ளியில் சேரும் பையனால் தீர்க்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் பணம்

பள்ளியில் அட்வான்ஸ் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து தலைகீழாகச் செய்யுங்கள்.

டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இரண்டு நிலை மருத்துவச் சான்று கேட்கும். முதலில் கிளாஸ் 2. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள், அவர்களிடமே எடுத்துவிடலாம். வணிக உரிமத்துக்கு கிளாஸ் 1 வேண்டும். இதற்கு நெடுங்காலமாக எல்லோரும் போய்வந்த இடங்கள் விமானப் படையின் மையங்கள்: டெல்லியில் ஏஎஃப்சிஎம்இ, பெங்களூரில் ஐஏஎம். கண், காது, இதயம், ரத்தம், நிறம் பிரித்தறியும் திறன் என்று ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். கண்ணாடி போட்டிருப்பது ஒரு தடையே இல்லை. நிறக்குருடுதான் பெரிய தடை, அதுவும் பலருக்கு அன்றுவரை தெரியாமலே இருக்கும்.

கிளாஸ் 1 சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 60 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 65-இல் விமான நிறுவனப் பறத்தல் முடிந்தது. இடையில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எட்டிப் பார்த்தால் சில மாதம் தரையில் உட்கார வேண்டி வரலாம். “பைலட்டு மாசாமாசம் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறான்” என்று சொல்கிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சம்பளம் முழுவதும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தொங்கும் என்பதைச் சொல்வதில்லை.

காகித வேலை

பத்து, பன்னிரண்டு தேர்ச்சி, பன்னிரண்டில் இயற்பியலும் கணிதமும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறுவது வழக்கம். டிஜிசிஏவின் இணையதளத்தில் பதிவு செய்து, தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பர் வாங்க வேண்டும். அதற்கு உங்கள் மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று கல்வி வாரியம் தரும் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகிவிடும். மதிப்பெண் பட்டியல் கையில் கிடைத்த அன்றே விண்ணப்பியுங்கள். பெயரில் இனிஷியல் நம் ஊரில் ஒரு தனித் தலைவலி. பள்ளிச் சான்றில் “கே. அரவிந்த்” என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்தும் இருந்தால், அதை இப்போதே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

தேர்வுத் தாள்கள்: ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இவற்றுக்கு அப்பால் ரேடியோ உரிமத் தேர்வான ஆர்டிஆர். பல ஆண்டுகள் தொலைத்தொடர்புத் துறை நடத்திய தேர்வு. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அதை டிஜிசிஏவிடம் மாற்றிக் கொடுத்தது. இதில் வாய்மொழித் தேர்வு உண்டு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் பயப்படுவது இதற்குத்தான். பயப்படத் தேவையில்லை. ரேடியோவில் பேசும் ஆங்கிலம் நூறு நூற்றைம்பது வாக்கியங்களுக்குள் சுற்றும் ஒரு தனி மொழி. கண்ணாடி முன் நின்று மாதம் முழுக்கப் பேசிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தாள்களை எழுதி முடித்துவிட்டுப் பறக்கப் போவதா, பறந்துகொண்டே எழுதுவதா? என் யோசனை, முடிந்த வரை முதலில் எழுதிவிடுங்கள். பள்ளியில் விமானம் பழுதாகி நிற்கும் நாட்களில் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். அந்த நாட்களில் யாரும் படிப்பதில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நீங்களே பொறுப்பு விமானியாக. அதற்குள் 20 மணி ஊர்விட்டு ஊர் போகும் பயணம். அவற்றில் ஒன்று 300 கடல்மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். இரவில் 5 மணி நேரம், பத்து ஏற்றம், பத்து இறக்கம்.

காகிதத்தில் இதை ஓராண்டில் முடிக்கலாம். நடப்பில் ஒன்றரை, இரண்டு, சில பள்ளிகளில் மூன்று ஆண்டுகூட இழுத்துவிடும். காரணம் எல்லாம் ஒன்றுதான்: மாணவர்கள் நூறு, பறக்கும் நிலையில் விமானம் நான்கு, கற்றுத்தரும் ஆசிரியர் மூன்று. ஆசிரியர்களுக்கு விமான நிறுவனத்தில் இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். மேலே சொன்ன பஞ்சத்தின் முதல் அடி விழுவது இங்கேதான், மாணவன் தலையில்.

ஆகவே பள்ளிக்கு நேரில் போங்கள், வரவேற்பறையில் உட்கார்ந்து பிரசுரம் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஹேங்கருக்குப் போய் எத்தனை விமானம் மூக்கில் இயந்திரத்தோடு நிற்கிறது, எத்தனை இயந்திரம் இல்லாமல் நிற்கிறது என்று எண்ணுங்கள். கடைசி பேட்ச் மாணவர்களை டீக்கடையில் பிடித்து, போன மாதம் எத்தனை மணி பறந்தாய் என்று கேளுங்கள். 20 மணிக்குக் கீழே என்றால் யோசியுங்கள். மூடுபனி மாதங்களில் அந்த ஊரில் எத்தனை நாள் பறக்க முடியும் என்றும் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இக்ரூவா அரசு நிறுவனம், நல்ல பெயர் உள்ளது. டிசம்பர், ஜனவரியில் அங்கே பனி மூட்டம் உண்டு என்பதும் உண்மை. 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏ பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. முதல் பட்டியலில் உச்சத்து இரண்டு தரங்களிலும் ஒரு பள்ளிகூட இல்லை. அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்டால் கொடுக்காதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று எழுதி வாங்குங்கள். நான் படித்த இடத்தில் இதைச் செய்யாமல் ஏழு மாதம் விமானத்தையே தொடாமல் விடுதிக் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாடு போனால் சீக்கிரம் முடியும். திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்ற இங்குள்ள தாள்களையும் சோதனைகளையும் முடிக்க வேண்டும். அதற்கும் காலமும் காசும் ஒதுக்குங்கள்.

செலவு? இந்தியாவில் லைசென்ஸுக்கு அரைக் கோடி ரூபாயை ஒட்டி. அதற்கு மேல் டைப் ரேட்டிங், அதாவது ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான தகுதி. அதற்குத் தனியாகப் பல லட்சம். விமான நிறுவனமே ஆளெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் எல்லாம் சேர்த்து ஒரு கோடி அளவில் வந்து நிற்கும், ஆனால் கடைசியில் வேலைக்கு ஒரு வழி இருக்கும். வீட்டை அடமானம் வைக்கும் அப்பாக்களிடம் நான் மூன்று பெயர்களைச் சொல்வேன்: 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட். மூன்றிலும் விமானிகள் சம்பளப் பாக்கியோடு வெளியே வந்தார்கள். முதல் தவணை கட்ட வேண்டிய தேதிக்கும் முதல் சம்பளம் வரும் தேதிக்கும் இடையே ஈராண்டு இடைவெளி இருந்தால் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் முதலில் ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு வரலாம். 23 வயதில் தொடங்கினாலும் 42 ஆண்டு பறக்கலாமே!

வேலை கிடைத்த பிறகு கையெழுத்து போடும் முன்

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். பாண்டு எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை. அறிவிப்புக் காலம்: 2017இல் டிஜிசிஏ போட்ட விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம். மூன்றாவது, எத்தனை மணி நேரச் சம்பளம் நிச்சயம் என்பது. விமானியின் சம்பளத்தில் ஒரு பகுதி, பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று இருக்கும். 2024இல் விஸ்தாரா இந்த நிச்சய அளவை 70 மணியிலிருந்து 40 ஆக்கியபோது விமானிகள் கொதித்தார்கள். ஏப்ரலில் அந்த நிறுவனம் நாளுக்கு 25, 30 விமானங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2023இல் ஆகாசாவில் 43 விமானிகள் அறிவிப்புக் காலம் முடிக்காமல் வேறிடம் போனதும், அது நீதிமன்றம் வரை போனதும் பழைய கதை. விமானிகள் எண்ணிக்கை எவ்வளவு விளிம்பில் ஓடுகிறது என்றால், நாற்பது பேர் கிளம்பினால் ஒரு நிறுவனத்தின் அட்டவணையே ஆடிவிடும்.

ரோஸ்டர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ரோஸ்டர் என்றால் பணி அட்டவணை. பயிற்சியில் யாரும் சரியாகச் சொல்லித்தராத பாடம் இது. எஃப்டிடிஎல் என்று காக்பிட்டில் நாளுக்குப் பத்து முறை காதில் விழும். எவ்வளவு நேரம் பறக்கலாம், எவ்வளவு நேரம் பணியில் இருக்கலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்ற விதிகள். அதை மனப்பாடமாக வைத்திருங்கள். ரோஸ்டர் போடும் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள்.

ஏழு நாளில் 35 மணி பறத்தல், ஆண்டில் 1,000. ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே, முந்தைய பணி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஓய்வு. எப்படியும் 12 மணிக்குக் குறையக் கூடாது. 2024 ஜனவரியில் வந்த திருத்தம் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கியது, அதில் இரண்டு முழு இரவுகள் அடங்க வேண்டும். இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று ஒரு மணி நேரம் நீட்டினார்கள். இரவை உரசும் பணியில் ஆறு முறை வரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் போடக் கூடாது.

இந்தத் திருத்தம் அப்படியே அமலுக்கு வந்துவிடவில்லை. ஆள் போதாது என்று நிறுவனங்கள் தள்ளிப்போடச் சொன்னன. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் 2025 ஜூலையில் ஒரு பகுதி, நவம்பர் 1 முதல் மீதி என்று வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இண்டிகோவின் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்தன. திட்டமிடலில் தவறிவிட்டோம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அரசு அட்டவணையில் 10 சதவீதம் குறைக்கச் சொன்னது. கூடவே இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கும் கொடுத்தது. ஆள் பற்றாக்குறைக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆள் குறைந்தால் பயணம் ரத்தாக வேண்டும், இல்லையென்றால் இருப்பவர்களின் தூக்கம் குறைய வேண்டும். வேறு வழி கிடையாது.

புதிதாகச் சேர்ந்தவர் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டிய ஸ்டாண்ட்பை நாளில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காலை 6 மணி விமானம் என்றால் வாசலில் வண்டி 3:45-க்கு வந்து நிற்கும், அப்படியென்றால் முந்தின நாள் இரவு 8 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் மாதத்தில், தெருவில் மண்டகப்படி மேளம் அடிக்கும்போது 8 மணிக்குத் தூங்குவது எப்படி? காது அடைப்பானும் கறுப்புத் திரையும் வாங்குங்கள், வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவையுங்கள். என் அம்மாவுக்கு நான் பகலில் தூங்குவது நோய் இல்லை என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

உண்மையிலேயே முடியவில்லை என்றால் சோர்வு அறிக்கை கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். அதைத் தண்டனைக்குரிய விஷயமாக்கக் கூடாது என்பது விதி. நிறுவனங்கள் அந்த அறிக்கைகளைத் தொகுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்குத் தர வேண்டும். புதிதில் கை நடுங்கும், கேப்டன் பதவி உயர்வு போய்விடுமோ என்று. கொடுங்கள்.

ஒரு நாள் பணி எப்படிப் போகும்

புறப்பட ஒரு மணி நேரம் முன் கையெழுத்து. முதலில் மூச்சுப் பரிசோதனை. பணிக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது தொடக் கூடாது. முதல் முறை மாட்டினால் மூன்று மாதம் உரிமம் முடக்கம், இரண்டாவது முறை மூன்று ஆண்டு, மூன்றாவது முறை ரத்து. மது குடிக்காதவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், இருமல் மருந்து. பேதிக்குப் போட்ட ஹோமியோபதி சொட்டுகூட வேலையைக் காட்டும்.

அடுத்து விமானத் திட்டம், வானிலை, நோட்டம் எனப்படும் அறிவிப்புகள். எரிபொருள் கணக்கை இருவரும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்: பயணத்துக்கு, எதிர்பாராததற்கு, போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்கு, அதற்கு மேலும் 30 நிமிடம் சுற்றுவதற்கு. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு வருகிறீர்கள் என்றால் கேப்டன் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். ஏன் சார் இவ்வளவு என்று கேட்காதீர்கள். பெங்களூரு மேலே வரிசையில் சுற்றும்போது புரியும்.

ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார். பெரும்பாலும் அது நீங்கள்தான், மழையிலும். மற்றவர் உள்ளே அமைப்புகளைத் தயார் செய்வார். வானில் ஒருவர் ஓட்டுபவர், ஒருவர் கண்காணிப்பவர். ஒவ்வொரு பயணத்துக்கும் மாறிக்கொள்வார்கள். புதியவர்கள் ஓட்டுவதைத்தான் வேலை என்று நினைப்பார்கள். கண்காணிப்பதுதான் கடினம். 10,000 அடிக்குக் கீழே பறத்தலைத் தவிர வேறு பேச்சே கிடையாது, கிரிக்கெட் ஸ்கோர் உட்பட. ஓடுபாதையில் வி-ஒன் என்ற வேகம் தாண்டியதும் கேப்டன் கையை, இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரிலிருந்து எடுத்துவிடுவார். அதற்கு மேல் நிறுத்துவது இல்லை, எது நடந்தாலும் மேலே போய்த்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் டெல்லி போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரையிலான மூடுபனிக் காலத்தில், குறைந்த பார்வைத் தூரத்தில் இறங்கும் கேட்-3 தகுதி இரண்டு விமானிகளுக்கும் இருந்தால்தான் அந்த ரோஸ்டரில் போடுவார்கள். அந்தப் பயிற்சி வந்தால் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள்.

“கோ-அரவுண்ட்” என்று சொல்லப் பழகுவது

இதுவரை எழுதியதெல்லாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை கேட்டது. பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார். எழுந்த மந்தத்தில் மிக உயரத்திலிருந்து விமானத்தைக் கீழே கொண்டுவந்தார். துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் என்று சொன்னார், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை.

2020 ஆகஸ்ட் 7. அதே நிறுவனம், அதே துபாய், இந்த முறை கோழிக்கோடு. கடும் மழை, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. ஒரு முறை கோ-அரவுண்ட் செய்துவிட்டு, மறுமுனையிலிருந்து பின்காற்றோடு இறங்கினார்கள். ஓடுபாதை ஏறக்குறைய பாதி தீர்ந்த பிறகுதான் சக்கரம் தரையில் பட்டது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். துணை விமானி அங்கேயும் கோ-அரவுண்ட் சொல்லியிருக்கிறார். விசாரணை அறிக்கை அதோடு நிற்கவில்லை. அந்த நிறுவனத்தின் கோழிக்கோடு தளத்தில் துணை விமானிகள் 26 பேர் இருந்தார்கள், கேப்டன் ஒரே ஒருவர். மறுநாள் காலை விமானத்தையும் அதே கேப்டன்தான் எடுக்க வேண்டும். வேறு ஊரில் இறங்கினால் ஓய்வுக் கணக்கு இடிக்கும், காலை விமானம் போகாது. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அதனால் வந்திருக்கலாம் என்று அறிக்கை எழுதியது. துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்றும் எழுதியது.

அந்த இருக்கையில்தான் நீங்கள் முதல் ஐந்தாறு ஆண்டு உட்காரப் போகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் அப்பா வயது, பத்தாயிரம் மணி அனுபவம், ஒருவேளை முன்னாள் விமானப் படை அதிகாரி. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த வளர்ப்பு காக்பிட்டில் ஆபத்து.

என் சிமுலேட்டர் பயிற்சியில் ஒரு நாள், பயிற்சியாளர் வேண்டுமென்றே வேகமாக இறங்கினார். நான், “சார், கொஞ்சம் ஸ்பீடா இருக்கிற மாதிரி இருக்கு சார்” என்றேன். அவர் கேட்காதது போல் தொடர்ந்தார். நானும் விட்டுவிட்டேன். திரையில் ஓடுபாதை முடிந்து புல் வந்தது. நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நீ சொன்னதுல எத்தனை வார்த்தை? ‘ஸ்பீட்’னு ஒண்ணு போதும். ரெண்டு சாரையும் தரையில இறங்கினப்புறம் சொல்லிக்கோ.”

அதிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. முதலில் எந்த அளவு தவறுகிறதோ அதைச் சொல்வது: “ஸ்பீட்”, அல்லது கீழிறங்கும் வேகம் என்றால் “சிங்க் ரேட்”. பதில் இல்லை என்றால் மறுபடி. 1,000 அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில், வேகம், உயரம், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப், பாதை எல்லாம் அதனதன் வரம்புக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் “அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்.” அதற்கும் பதில் இல்லை என்றால் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொல்லி எடுத்துக்கொள்வது. இந்தக் கடைசி வாக்கியம் வாயில் வர, தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். குளியலறையில் பாடுவதற்குப் பதில் இதைச் சொல்லலாம்.

நல்ல கேப்டன்கள் புறப்படும் முன்பே, “நான் தப்பு பண்ணா சொல்லு, வெட்கப்படாதே” என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்களோடு போகும்போது நீங்களே தொடங்குங்கள்: “கேப்டன், நான் புதுசு, ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே சொல்லிடுவேன்.” இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கடைசியாக, பறந்த நேரத்தை அன்றன்றே உங்கள் லாக்புக்கில் ஏற்றுங்கள். நிறுவனத்தின் செயலி ஒரு கணக்கு வைத்திருக்கும், நீங்கள் ஒரு கணக்கு வைத்திருங்கள். எனக்கு ஒருமுறை ஏழு நாள் கணக்கு 35-ஐத் தொட 20 நிமிடமே பாக்கி இருந்தது. அடுத்த நாள் டெல்லி போடப்பட்டிருந்தது. செயலியில் பச்சைக் குறி. ஒரு தாமத விமானத்தின் நேரம் அதில் ஏறவே இல்லை. இரவு 9 மணிக்கு ரோஸ்டரிங் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம், அப்புறம் ஒரு பெருமூச்சு. பிறகு, “சரி, வேற ஆள் பாக்கறேன், நீங்க தூங்குங்க” என்றார்.